பாதிக் கொதியில்

கறுப்புத் துணியை டிவியின் மேல் போர்த்திவிட்டு, ரோசந்தா அத்தை பிளக்கைப் பிடுங்கக் குனிந்தாள்.

"அத்தை, அதைத் தொடாதீங்க!" நெவென்கா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"எழவு வீட்ல டிவி ஓடலாமாடி? நாப்பது நாளைக்கு மூச்சு விடக்கூடாது அது. ஊர் காறித் துப்பும்."

"துணி இருக்கட்டும். கரண்டை மட்டும் நிறுத்தாதீங்க. டிவியோட சேத்து மாட்டியிருக்கிற கம்ப்யூட்டர்ல அப்பா எழுதினது இருக்கு. அணைச்சா எல்லாம் போயிடும்."

"பெரிய காவியம் எழுதினான்! கரண்ட் அடுப்பைப் போட்டா ஃப்யூஸ் போயிடும்னு ஒரு வாரமா ரொட்டியும் பாலாடைக்கட்டியுமா தின்னிருக்கான் உங்கப்பன். ரயிலை ஓட்டினவனுக்கு இந்த வயசுல இது தேவையா?" என்றவள், சொன்ன வாய் மூடுமுன் அழத் தொடங்கினாள்.

ரயில் ஓட்டிய ராதிசவ் அடுத்த அறையில், மேசைமேல், தலைமாட்டில் மெழுகுவத்தி எரியக் கிடந்தார்.

அம்மா இறந்தபிறகு அப்பா தினமும் சாயங்காலம் பெல்கிரேடிலிருந்த அவளுக்குப் போன் செய்வார். தொல்லை தாங்காமல், மியூனிக்கிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தாள் நெவென்கா. போன் குறையவில்லை. "நெவென்கா, படத்துல பொத்தான் வரைஞ்சேன். அம்பை நகர்த்தி அழுத்தினா வேலை செய்யுதும்மா!" என்பார். அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி ம் கொட்டுவாள். கடைசியாகப் பேசியபோது, "டேப் ரெக்கார்டர் கெட்டுப்போச்சு, எழுதினதை கேசட்டுல பதிஞ்சு வைக்க முடியல. அதான் அணைக்காமலே வச்சிருக்கேன். வரும்போது உன்னுதை எடுத்துட்டு வா, ஒண்ணு காட்டணும்" என்றார்.

எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

பாதிரியார் வந்துவிட்டாரென்று எல்லோரும் வாசலுக்குப் போனதும் துணியை விலக்கி, தன் டேப் ரெக்கார்டரின் ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகி, காலி கேசட்டைப் போட்டாள். பதிவதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

திரையில் இந்த வீட்டுச் சமையலறை. மேசை, இரண்டு நாற்காலிகள். ஒன்றின் கால் கோணல். நடுவில் ஒரு கட்டம்: 'நெவென்கா, காப்பி போடட்டுமா?' கீழே இரண்டு பொத்தான்கள்.

அம்பை 'போடுங்க'வுக்கு நகர்த்தி அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். ம்ஹூம். அதற்கு அவர் இன்னும் எழுதியிருக்கவில்லை.

'வேண்டாம்' அழுத்தினாள். சட்டென்று எழுத்து வந்தது: 'சரிம்மா. பஸ் வந்துடும், கிளம்பு.' கட்டம் அழகாக மூடிக்கொண்டது.

பாவி மனுஷன், அவள் எப்போதும் சொல்கிற பதிலைத்தான் முதலில் எழுதி முடித்திருக்கிறார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பதிவதற்காக டேப் ரெக்கார்டரை இழுத்தாள்.

படக்கென்று திரை இருண்டது.

"ஐயோ, ஃப்யூஸ் போச்சு!" அடுக்களையிலிருந்து அத்தையின் குரல். "பாதிரியாருக்கு வச்ச காப்பி பாதிக் கொதியில நிக்குது! எவ அந்த ரெண்டாவது அடுப்பைப் போட்டவ?"

கையைத் துடைத்துக்கொண்டே வந்த அத்தை, திரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"பதிஞ்சிட்டியாடி?"

நெவென்கா காலி கேசட்டை வெளியே எடுத்தாள். அத்தை கறுப்புத் துணியை எடுத்து, மெதுவாக டிவியின்மேல் போர்த்தினாள். கம்ப்யூட்டர் இன்னும் சூடாக இருந்தது. அது ஆறும்வரை நெவென்கா அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.