மாப்பிள்ளைக்குத் துணை

கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் முழுசாக முடிந்துவிட்டது. கணவரின் மூத்த தாரத்துப் பெண் இன்னும் அவளை முறை வைத்து ஒரு தடவை கூப்பிட்டபாடில்லை.

மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. வாங்க, போங்க, சாப்டீங்களா, எல்லாம் உண்டு. கூப்பிட வேண்டிய இடம் வந்தால்தான் ஒரு செருமல், மிஞ்சிப் போனால் ஒரு "இந்தாங்க". ஒரு நாள் காலை, தன் பியூட்டி பார்லருக்குக் கிளம்பிய அவசரத்தில் இவள் சாவியை மறந்துவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டாள். மூன்றாம் மாடி பால்கனியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் தீர்ந்தது. அந்த அழுத்தக்காரி மூன்று மாடியும் தடதடவென்று இறங்கி, மூச்சிரைக்க ஓடி வந்து, முழங்கையைத் தொட்டு, "சாவி" என்று நீட்டினாளே தவிர, கூப்பிடவில்லை. பன்னிரண்டு வயசுக்கு இத்தனை வீம்பு!

பார்லர்காரிக்கு அதில் கோபம் இல்லை, ஏக்கம்தான். அம்மா என்று கூப்பிடு என்றா கேட்டாள்? அம்மா ஏழு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவள். அந்த இடம் அவளுடையது. சித்தி என்று ஒரு வார்த்தை, அது போதும். நாற்பத்தொரு வயது வரை ஊரார் தலையையெல்லாம் வாரிவிட்டு, ஒருவழியாகத் தனக்கென்று ஒரு வீடு அமைந்த பிறகு, அதில் விருந்தாளியாகவே காலம் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கணவரிடம் சொன்னால், "தானா வரும், அவசரப்படாதே" என்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் லிஃப்ட் தன் நேரத்துக்குத்தான் வரும் என்று தினமும் பார்க்கிற மனுஷர், வேறு என்ன சொல்வார்?

பெண் வாய் ஓயாமல் பேசுவது ஒரே விஷயத்தைப் பற்றித்தான். அவளுடைய கருநீல ஃபைட்டர் மீன். அறுபது லிட்டர் தொட்டியில் தன்னந்தனியாக ராஜ்ஜியம் நடத்தியது. சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலைக்குப் போய்விடும். அந்த முறுக்கைப் பார்த்து அப்பா வைத்த பெயர், மாப்பிள்ளை.

பார்லரைப் புதுப்பித்தபோது, மூன்று மடிப்புக் கண்ணாடி வைத்த பழைய அலங்கார மேஜை ஒன்று மிஞ்சியது. பார்லர்காரி அதைத் தேய்த்து மெருகேற்றிப் பெண்ணின் அறையில் கொண்டுவந்து போட்டாள். பெண்ணின் முகம் மலர்ந்தே விட்டது. அன்றைக்கே அப்பாவைத் தொட்டியைத் தூக்கி மேஜை நடுவில் வைக்கச் சொல்லி, "பாருங்க, எந்தப் பக்கம் பாத்தாலும் மாப்பிள்ளை!" என்றாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே பார்லர்காரி இரண்டு நாள் வேலை செய்தாள்.

அந்த வாரமே மாப்பிள்ளைக்குக் குணம் மாறிப்போனது. போட்ட சாப்பாடு அப்படியே மிதந்தது. அவன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்துகொண்டே இருந்தான்.

"தனியா இருக்கான்ல, அதான்" என்று பெண் கவலைப்பட்டாள். "அவனுக்குத் துணை வேணும்."

"நான் பாத்துக்கறேன் விடு" என்று பார்லர்காரி முந்திக்கொண்டாள். சும்மா இருந்திருக்கலாம்.

வளர்ப்பு மீன் கடையில் அவள் தன் தொழில் புத்தியைத்தான் காட்டினாள். இருப்பதிலேயே அழகானது எது என்று பார்த்து, பாவாடை விரித்த மாதிரி வால் கொண்ட மூன்று கப்பி மீன்களை வாங்கினாள். கடைக்காரர், "எந்தத் தொட்டிக்கும்மா?" என்று கேட்டார். "பெரிய தொட்டிதான்" என்றாள். ஃபைட்டர் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஒரு மணி நேரம் ஆகவில்லை, அறையிலிருந்து அலறல். பாவாடைகள் மூன்றும் கந்தல். இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெண்தான் அழுதுகொண்டே கப்பிகளை வாளிக்கு மாற்றினாள். "கேட்டுட்டு வாங்கியிருக்கலாம்ல?" என்றாள். நியாயமான கேள்வி.

மறுநாள் இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஃபைட்டரோட கப்பியையா போடுவாங்க? நீளவாலும் பளபளப்பும் இருந்தா, இன்னொரு ஃபைட்டர் வந்துட்டான்னு நெனச்சுக்குவான். வரிபோட்ட பார்ப் மீனைப் போட்டீங்கன்னா கதை தலைகீழ், அது இவன் வாலைக் கடிச்சுத் துப்பிடும். உங்களுக்கு வேணுங்கறது இது." குட்டையான, மீசை வைத்த, சாம்பல் நிறக் குஞ்சு மீன்களைக் காட்டினார். "கோரி. தரையில மேஞ்சுட்டு, தான் உண்டு தன் வேலை உண்டுன்னு இருக்கும். அவன் மேல்மாடி, இதுங்க கீழ்மாடி. ஆனா ஒண்ணு ரெண்டுன்னா பயந்து சாகும், ஆறா எடுங்க."

"அப்பவும் ஒத்து வரலேன்னா?" என்று பெண் கேட்டாள்.

"சில ஃபைட்டருக்கு யாருமே ஆகாது பாப்பா. அப்ப திருப்பிக் கொண்டாந்துடுங்க, நான் வெச்சுக்கறேன்."

இந்தத் தடவை எல்லாம் முறையாக நடந்தது. மாப்பிள்ளைக்கு முதலில் வயிறார சாப்பாடு. கோரிகளின் பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பார்லர் கிளிப்பால் ஓரத்தில் மாட்டி, சிறிது சிறிதாகத் தண்ணீர் கலந்தார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். பார்லர்காரிக்கு அது போதும் போல இருந்தது.

போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை கீழ்மாடிக்கும் பாய ஆரம்பித்துவிட்டான். ஆறு கோரியும் கல்லுக்குப் பின்னால் ஒன்றின் மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன. ஒன்றுக்குச் செதிலில் காயம்.

"நாளைக்குத் திருப்பிக் குடுத்துடலாம்" என்றாள் பெண். "அவனுக்கு யாரும் வேணாம் போல. இத்தனை நாள் தனியாத்தானே இருந்தான்."

மீனைப் பற்றித்தான் சொன்னாள். பார்லர்காரிக்குத் தன்னைச் சொன்ன மாதிரி சுருக்கென்று குத்தியது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள்.

திங்கட்கிழமை பார்லருக்கு விடுமுறை. பெண் பள்ளிக்கூடம் போனதும், அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். உனக்கு என்னதான்டா வேணும் என்று பார்த்துவிடுவதாக முடிவு.

மாப்பிள்ளை கோரிகளைப் பார்க்கவே இல்லை. அவன் பார்வையெல்லாம் பின்பக்கம்தான். அங்கே போவான், செவுளை விரித்துக்கொண்டு, உடம்பை முறுக்கி, யாரையோ முறைப்பான், ஆத்திரத்தோடு திரும்பி, கண்ணில் பட்டவனை விரட்டுவான். மறுபடி பின்பக்கம். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. எங்கேயோ என்ன, தினமும்தான்! கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் முகத்தில் ஏதோ குறையைக் கண்டுபிடித்துவிட்டு, சீப்பு பிடித்தவளிடம் எரிந்து விழுகிற வாடிக்கைக்காரிகள் எத்தனை பேர்!

"அட என் புத்தியே!"

ஓடிப்போய்ப் பெரிய துண்டை எடுத்து மூன்று கண்ணாடியையும் மூடினாள். அவன் போனான், தேடினான், எதிரியைக் காணோம். கால் மணி நேரத்தில் செவுள் அடங்கியது. மத்தியானத்துக்குள் ஒரு கோரி மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. மாப்பிள்ளை மேலே இருந்து பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் வழியே போனான். அவள் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஆனால் கண்ணாடி யார் கொடுத்தது? அவள் கொடுத்தது. மூன்று மாதத்தில் அவள் செய்ததில் அந்தப் பெண்ணுக்குப் பிடித்த ஒரே காரியம் அதுதான். சத்தமில்லாமல் தொட்டியை இடம் மாற்றிவிட்டு, கோரி தானாகப் பழகிவிட்டது என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நாலு மணி வரை நினைத்துக்கொண்டிருந்தாள். பெண் பையோடு வாசலில் வந்து நின்றதும் உண்மை தானாக வாயில் வந்துவிட்டது.

"எல்லாம் என் கண்ணாடியால வந்த வினை. மூணு பக்கமும் மூணு ஃபைட்டர் முறைச்சா அவனுக்கு எப்படித் தூக்கம் வரும்? இதுக்கும் தனிமைக்கும் சம்பந்தமே இல்ல. மேஜையை எடுத்துடறேன்."

பெண் துண்டைப் பார்த்தாள், கோரிகளைப் பார்த்தாள், கடைசியில் இவளைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"இருக்காதுதான்."

"மேஜை இருக்கட்டும்" என்றாள் பெண். "எனக்குப் பிடிச்சிருக்கு. மாப்பிள்ளையைப் புத்தக அலமாரிக்கு மாத்தலாம். நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."

பாதித் தண்ணீரை வாளியில் இறக்கி, இருவருமாகத் தூக்கி வைத்தார்கள். புது இடத்தில் மாப்பிள்ளை இலைக்கடியில் போய்ப் படுத்தான். கோரிகளுக்கு அன்றே கீழ்வீட்டுக்காரங்க என்று பெயர் வைத்தாயிற்று. கந்தல் கப்பிகள் மூன்றும் பார்லருக்குக் குடிபோயின. வால் வளர்ந்துவரும் கதையை வாடிக்கைக்காரிகள் வாரம் தவறாமல் விசாரித்தார்கள்.

புதன்கிழமை காலை பார்லர்காரி வழக்கம்போல அவசரமாக இறங்கித் தெருமுனை வரை போய்விட்டாள்.

"சித்தீ!"

தெருவே அண்ணாந்து பார்த்தது. மூன்றாம் மாடி பால்கனியில், பாதிப் பின்னலோடு, அந்தப் பெண் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"சித்தீ! சாவியை மறந்துட்டீங்க!"

அவள் திரும்பி நடந்தாள். கண்ணீர் கண்ணை மறைத்ததில் பக்கத்து வீட்டுக்காரர் மேல் மோதப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டாள். வாசல் வரை போனாள். பிறகு சத்தமில்லாமல் திரும்பி வந்து, மீன் தொட்டி பக்கத்தில், நன்றாகக் கண்ணில் படுகிற மாதிரி அதை வைத்துவிட்டு இறங்கினாள்.