அடுக்கக் கூடாதது

மூன்றாவது முறையும் தூள் ஒட்டவில்லை. கடல்நீர்ப் பம்பின் தண்டு மேல் சடசடவென்று மோதி, மணலாகக் கொட்டியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தான். காலையில்தான் மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். "அத்தை, அவ அலமாரிய மட்டும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான். "சரி மாப்பிள்ளை" என்று அவர் சொன்ன வேகமே சரியில்லை. சும்மா இருக்கத் தெரியாத கை அது. சீக்கிரம் வீட்டுக்குப் போயாக வேண்டும். இந்தச் சனியன் பிடித்த தூள் விட்டால்தானே.

"சூட்டக் கொஞ்சம் ஏத்துனா அப்பிக்கும் தம்பி" என்றாள், தூள் அடிக்கும் இயந்திரத்தை ஓட்டும் அக்கா.

"ஏத்தக் கூடாதுக்கா. எத்தன தடவ சொல்றது?"

தூளை உருக்காமல், வாயுவின் வேகத்தில் குண்டு மாதிரி அடித்து ஒட்டவைக்கும் வேலை. தூள் உலோகம்தான், ஆனால் கண்ணாடியைப் போல, உள்ளே அணுக்கள் விழுந்தது விழுந்தபடி உறைந்து கிடக்கும். அந்தத் தாறுமாறுதான் அதன் பலம். உப்புத்தண்ணீர் நுழைய ஒரு சந்து கிடைக்காது. சூடு அளவு மீறினால் அணுக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டிவிடும். அப்புறம் துருவுக்குக் கொண்டாட்டம்.

வெளியே போய், வாயு சிலிண்டர்களில் அழுத்தத்தைக் கூட்டிவிட்டுத் திரும்பினான். தண்டு பளபளவென்று நின்றது. அக்கா முகமெல்லாம் சிரிப்பு.

"ஒட்டிருச்சு பாத்தியா! நீ கெளம்பு. ஃபோனப் பாத்துப் பாத்தே அது தேஞ்சு போச்சு."

"சூட்ட ஏத்துனீங்களா?"

"லேசாத்தான்..."

கூடவே பூச்சு ஏறியிருந்த சோதனைத் துண்டை எக்ஸ்ரேயில் வைத்தான். மழுங்கிய மேடாக வரவேண்டிய கோடு, ஊசி ஊசியாக எழுந்து நின்றது. அணுக்கள் வரிசை கட்டிவிட்டன.

"உங்ககிட்ட யாரு உதவி கேட்டாக்கா?"

"உனக்காகத்தான்டா செஞ்சேன்."

"அதான் தொல்லையே."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூச்சைச் சுரண்டி எடுத்து, தூள் டப்பாவின் அடியில் மிச்சம் கிடந்ததையும் வழித்துப் போட்டு, குறைந்த சூட்டில், கூடிய வேகத்தில் மறுபடி அடித்தார்கள். ஒட்டியது. கோடும் மேடாகவே வந்தது. ஆனால் அதற்குள் இருட்டிவிட்டது.

வீட்டில் அலமாரிக் கதவு அழுந்தச் சாத்தியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அந்தக் கடைசிக் காலையில் அவன் மனைவி எதையோ தேடிக் கலைத்துப் போட்டதிலிருந்து அவன் அதைச் சாத்தியதே இல்லை. நீலச் சட்டையின் கை ஒன்று வெளியே தொங்கிக்கொண்டே இருக்கும். திறந்தான். உள்ளே எல்லாம் ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. ஒரே அலங்கோலமா கெடந்துச்சு. உங்களுக்காகத்தான்..."

மத்தியானம் அக்காவிடம் சொன்னதே நாக்கு நுனிவரை வந்தது. அத்தையின் கண்கள் வீங்கியிருந்தன. ஒவ்வொரு துணியாக மடித்து மடித்து அழுதிருப்பார் என்று தோன்றியது.

அவன் நீலச் சட்டையை உருவி, உதறி, அப்படியே உள்ளே போட்டான். கை ஒன்றை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினான். கதவு முழுதாகச் சேரவில்லை. சட்டைக் கை தொங்கியது. அவள் விட்டுப்போன மாதிரி இல்லை.

அதை உள்ளே தள்ள அத்தையின் கை நீண்டது. பாதியில் நின்றது.