நாலு பேருக்குப் பாதி விலை

மாதத்தின் முதல் ஞாயிறு வந்துவிட்டால் யுகேந்திரன் காலை எட்டு மணிக்கெல்லாம் முகம் மழித்து, குளித்து, தயாராகிவிடுவான். நண்பன் ஜீவன் காரை எடுத்துக்கொண்டு அவனை ஏற்றிப்போக வருவது என்னவோ பகல் பன்னிரண்டுக்குத்தான். அந்த நான்கு மணி நேரமும் இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவன் மனைவி சாந்தினி, “பொண்ணு பாக்கவா போறீங்க?” என்று கேலி செய்வாள். கேலி செய்தாலும் அவளுக்கு உள்ளூர நிம்மதிதான். ஸ்கூடாயில், லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் வேறோர் இடத்துக்கென்று அவன் படியிறங்குவது மாதத்தில் அந்த ஒரு நாள்தான்.

மூன்றாண்டுகளுக்கு முன்புவரை அவனும் ஜீவனும் தினமும் எல்லை தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் ஒரே கிடங்கில் வேலை செய்தார்கள். பெட்ரோல் செலவை மிச்சம் பிடிக்க ஒரே மோட்டார் சைக்கிளில் போய் வருவார்கள். ஒருநாள் இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்குத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் வண்டி தடுப்புக் கம்பியில் போய் மோதியது. ஓட்டிய ஜீவனுக்குத் தோளில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த யுகேந்திரனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. லாரி ஒன்று குறுக்கே புகுந்துவிட்டு நிற்காமல் போய்விட்டது என்று ஜீவன் போலீஸில் சொன்னான். யுகேந்திரனும் அப்படியே சொன்னான்.

இப்போது அவன் வீட்டிலிருந்தபடியே ஒரு கூரியர் கம்பெனிக்காக வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்கிறான். நாள் முழுக்க முகம் தெரியாத ஆட்களின் கோபம். அதற்கு நடுவே அவன் காத்திருப்பது அந்த ஞாயிற்றுக்காகத்தான்.

தெப்ராவ் பக்கம் உதுமான் என்பவரின் பெரிய உணவகத்தில் ஞாயிறு மதியம் பிரியாணி, மீன்தலைக் கறி, எலும்பு சூப்பு என்று வேண்டுமட்டும் எடுத்துச் சாப்பிடலாம். தலைக்கு ஐம்பத்தெட்டு வெள்ளி. உடற்குறை உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் ஓ.கே.யு. அட்டையை வைத்திருப்பவர் மேசையில் இருந்தால், அந்த மேசையில் நாலு பேர் வரைக்கும் பாதி விலை. இதை எங்கேயோ பார்த்துவிட்டு வந்து சொன்னவன் ரூபேந்திரன். எந்தக் கடையில் எந்த நாளில் என்ன விலைக்கழிவு என்பதெல்லாம் அவன் விரல் நுனியில். அவனும் திருச்செல்வமும் அதே கிடங்கில் இன்னமும் வேலை செய்பவர்கள். இப்படியாக ஒன்றரை வருடமாக நாலு பேரும் மாதம் ஒருமுறை கூடினார்கள். பில் வந்ததும் யுகேந்திரன் அட்டையை நீட்டுவான். மீதித் தொகையை நாலாகப் பிரிப்பார்கள். தன் பங்கை வேறு யாரும் கட்ட அவன் விட்டதில்லை.

மார்ச் மாதம் உணவகத்தைப் பழுதுபார்க்க மூடியிருந்தார்கள். அந்த மாதம் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. எல்லாருக்கும் வேலை அதிகமாக இருந்திருக்கும் என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். சாந்தினியிடமும் அதையேதான் சொன்னான்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் செயற்கைக் கால் உரசி உரசி, வெட்டுப்பட்ட கால்முனையில் புண் வந்தது. இனிப்பு நீர் வியாதி வேறு இருந்ததால், சர்க்கரைக்காரர்களின் புண் ஆறாது என்று சாந்தினி பயந்துபோய், “வெள்ளிக்கிழம லீவு போடறேன், கிளினிக்குக்குப் போய்ட்டு வந்துருவோம்” என்றாள். கிளினிக்குக்குப் போனால் செயற்கைக் காலை ஒரு மாதம் மாட்டக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். “காஞ்சுக்கிட்டு வருது, திங்கக்கிழம போலாம்” என்றான். அன்றிலிருந்து புண்ணின் கட்டைத் தானே அவிழ்த்துத் தானே கட்டிக்கொண்டான். அவள் பார்க்கக் கேட்டபோதெல்லாம் ஏதாவது சொல்லி மழுப்பினான்.

செப்டம்பரின் முதல் ஞாயிறு காலை சாந்தினி ஏழு மணிக்கே ஓவர்டைம் பார்க்கத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கு முகம் மழிக்க எழுந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். உடம்பு அனலாகக் கொதித்தது. கட்டை அவிழ்த்தபோது வந்த வாடையில் அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். பத்து மணிவரை யோசித்துவிட்டு, வர முடியாது என்று நால்வரின் வாட்சப் குழுவில் எழுதினான்.

ரூபேந்திரன் உடனே அழைத்தான்.

“என்ன மச்சான், கடைசி நேரத்துல இப்படிச் சொல்ற?”

“காய்ச்சல்டா. கால்ல புண்ணு. அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?”

“அடுத்த வாரம் திருவுக்கு வேல லா. மேச புக் பண்ணியாச்சு.” பிறகு குரலைத் தணித்தான். “சரி, நீ படுத்து ரெஸ்ட் எடு. கார்ட மட்டும் குடுத்து விடு. ஜீவன் வந்து வாங்கிக்குவான்.”

பதினொன்றரைக்கு ஜீவன் வந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். “ரொம்ப முடியலயா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். யுகேந்திரன் மணிபர்ஸிலிருந்து அட்டையை உருவிக் கொடுத்தான். ஜீவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “சாயங்காலம் கொண்டாந்து குடுத்தர்றேன்” என்று சொல்லிப் படியிறங்கினான். அந்தக் காலடி ஓசை அடங்கும்வரை யுகேந்திரன் கதவைச் சாத்தவில்லை.

இரண்டு பனடோல் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தான். இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.

“யுகா,” ஜீவனின் குரல் தாழ்ந்திருந்தது. “ஆள் இல்லாம கார்டு செல்லாதுன்றாங்கடா.”

“அப்ப முழுசாக் கட்டிருங்க.”

பின்னாலிருந்து ரூபேந்திரனின் குரல் தெளிவாகக் கேட்டது. “அஞ்சு நிமிஷம் வந்து மூஞ்சியக் காட்டினா போதும்னு சொல்லு லா. நீ போயி ஏத்திக்கிட்டு வா.”

யுகேந்திரன் கண்ணை மூடிக் கணக்குப் போட்டான். மூன்று பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். பாதி கழிந்தால் ஆளுக்கு இருபத்தொன்பது வெள்ளி மிச்சம். மூவரும் சிங்கப்பூர் சம்பளக்காரர்கள். சிங்கப்பூர்க் காசில் அது பத்து வெள்ளிகூடத் தேறாது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். இன்றைக்கு முடியாதென்றால் அடுத்த மாதம் கூப்பிடுவார்களா என்ற நினைப்பு குறுக்கே வந்து விழுந்தது.

“சரி, வா” என்றான்.

வெறும் கால்சட்டைத் துணி தொங்க உணவகத்துக்குள் நுழைய அவனுக்கு மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வீங்கிய கால்முனையைச் செயற்கைக் காலின் குழிக்குள் திணித்தான். உள்ளே ஏதோ பிய்ந்தது. ஜீவன் தோள் கொடுக்க, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இரண்டு மாடியையும் இறங்கினான்.  காடிக்குள் ஏர்கண்ட் குளிரில் அவன் பற்கள் கிட்டித்தன. ஜீவன் அதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினான்.

உணவகத்தில் கூட்டம் கலைந்திருந்தது. மேசையில் எலும்புகளும் கசங்கிய காகிதங்களும். திருச்செல்வம் தலை நிமிராமல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தான். ரூபேந்திரன் எழுந்து வந்து, “வந்துட்டான் பாருங்க, எங்காளு!” என்று கல்லாப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினான்.

கல்லாவில் இருந்த உதுமான் எழுந்து வந்தார். அறுபதை நெருங்கியவர், வெள்ளைத் தொப்பி. மாதாமாதம் பார்த்துப் பழகியதால் அவருக்கு யுகேந்திரனைத் தெரியும்.

“வாங்க தம்பி. இவங்க சாப்பிட்டு முடிச்சுட்டாங்களே. நீங்க சாப்பிடலயா?”

“அவன் சாப்பிடத்தான் வந்திருக்கான் பாய்,” என்று ரூபேந்திரன் முந்திக்கொண்டான். திரும்பி யுகேந்திரனின் காதருகே, “கார்டுக்காரர் சாப்பிடணுமாம். ரெண்டு வாய் மச்சான். சும்மா ரெண்டு வாய்” என்றான். அவனே போய் ஒரு தட்டில் பிரியாணி போட்டுக் கொண்டுவந்து வைத்தான்.

யுகேந்திரன் உட்கார்ந்தான்.  ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தான். மென்றான். விழுங்க முடியவில்லை. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினான். எதிரே ரூபேந்திரன் பல்குச்சியோடு சாய்ந்து உட்கார்ந்து, அவன் கை தட்டுக்கும் வாய்க்கும் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜீவன் மட்டும் உட்காரவில்லை. இரண்டாம் பிடியை எடுத்தபோது யுகேந்திரனின் கை உதறி, சோறு மேசையெங்கும் சிதறியது.

உதுமான் அருகே வந்து அவன் மணிக்கட்டைத் தொட்டார். தொட்ட கையை வெடுக்கென்று எடுத்தார்.

“என்னப்பா இது, நெருப்பாக் கொதிக்குது! காய்ச்சல்காரன இழுத்துட்டு வந்தா சோறு திங்க வெக்கிறீங்க?”

“இல்ல பாய், அவனாத்தான் வர்றேன்னான்…” என்று ரூபேந்திரன் இழுத்தான். “ரூல்ஸ்படி ஆள் இருக்கு, கார்டு இருக்கு, சாப்பிட்டாச்சு…”

உதுமான் அவனைப் பார்க்கவில்லை. ஜீவனைப் பார்த்துப் பேசினார். “எந்தம்பி பதினோரு வருசம் கட்டில்ல கெடந்தான். ஒருத்தரும் அவன வெளிய கூட்டிட்டுப் போகல. நானும் போகல, எனக்கு யாவாரம் இருந்துச்சு. இதுமாதிரி இருக்கறவங்கள நாலு பேரு வெளிய கூட்டிட்டு வரட்டும்னுதான் இந்தப் பாதி வெலய வெச்சேன்.” மேசையிலிருந்த பில்லை எடுத்துக் கசக்கினார். “காசு வேணாம். யாரும் கட்ட வேணாம். இவர மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.”

காசு வேண்டாம் என்றதும் திருச்செல்வம் எழுந்துவிட்டான். ரூபேந்திரன், “தேங்ஸ் பாய்” என்றான். அதை அவன் மனதாரத்தான் சொன்னான். யுகேந்திரனுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் வலித்தது.

ஜீவன் அவனை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு போய்க் காடியில் வைத்தான். மற்ற இருவரும் வரவில்லை. சாலை நெரிசலில் காடி ஊர்ந்தது. ஜீவன் ஒரு கையால் சாந்தினிக்கு அழைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, தொலைபேசியைக் கீழே வைத்தான்.

“ஜீவா,” என்றான் யுகேந்திரன்.

“சொல்லு. இன்னும் பத்து நிமிஷந்தான்.”

“அன்னிக்கு வண்டி ஓட்டறப்ப நீ தூங்கிட்டதான?”

 பச்சை விளக்கு விழுந்தும் காடி நகரவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

“ஒந்தலை சாஞ்சத நா பாத்தேன். தோளத் தட்டறதுக்குக் கையெடுத்தேன், அதுக்குள்ள ஆயிருச்சு. லாரியே இல்லடா அங்க.”

“ஆமா,” என்றான் ஜீவன்.  ஆஸ்பத்திரி வரும்வரை மூக்கை உறிஞ்சியபடியே ஓட்டினான்.

புண் எலும்புவரை போயிருந்தது. முழங்காலையும் சேர்த்து எடுத்தார்கள். முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று சாந்தினி கேட்டாள். ஒரு வாரம் முன்பு வந்திருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும், இன்றைய சில மணி நேரத்தால் பெரிய வித்தியாசமில்லை என்று இளம் டாக்டர் மலாயில் பொறுமையாக விளக்கினாள். சாந்தினி முதல் பாதியைக் கேட்டுக்கொண்டாள், இரண்டாம் பாதியை ஏற்கவில்லை. மறுநாள் வார்டு வாசலில் நின்ற ஜீவனைப் பார்த்து, “சோத்துக்குக் கழிவு வேணும்னு எம்புருசன இழுத்துட்டுப் போனீங்களே, நல்லா இருங்க” என்றாள். சத்தம் போடவில்லை. ஜீவன் திரும்பிப் போய்விட்டான்.

யுகேந்திரன் அவளிடம் உண்மையைச் சொல்ல நினைத்தான். யாரும் தன்னை இழுக்கவில்லை, ஒரு வாரமாகப் புண்ணை மறைத்ததும், வா என்று சொன்னதும் தானேதான் என்று. சொல்ல வாய் வரவில்லை. அவள் இரவும் பகலும் அவனுக்காக அவர்களைச் சபித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் நாற்காலியோடு அவனை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். வாட்சப் குழுவில் ரூபேந்திரன், யுகேந்திரன் நலமடைய வேண்டி ஒரு பூப்படம் அனுப்பியிருந்தான். அதன் கீழே திருச்செல்வம் கூப்பிய கைப்படம் ஒன்று போட்டிருந்தான். யுகேந்திரன் குழுவைவிட்டு வெளியேறினான். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

ஜீவன் மட்டும் தினமும் அழைத்தான். நான்கு நாள் யுகேந்திரன் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் சாந்தினி வேலைக்குப் போயிருந்தபோது எடுத்தான்.

“யுகா, நா என்னடா செய்யணும்? சொல்லு, எதுனாலும் செய்றேன். ஆஸ்பத்திரி செலவு, வீட்டுச் செலவு, எதுனாலும்.”

“போலீஸுக்குப் போ. தூங்கிட்டேன்னு சொல்லி எழுதிக் குடு. நானும் வந்து, பொய் சொன்னேன்னு எழுதிக் குடுக்கறேன்.”

“இப்ப போயா? மூணு வருசம் ஆச்சுடா.”

“காசுக்காக இல்ல. ஒரு தாள்லயாவது அது நடந்த மாதிரி இருக்கட்டும்.”

ஜீவன் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, “கேஸாகி வேல போயிரும்டா. புள்ளைங்க இருக்காங்க” என்றான்.

“தெரியும்.”

“யோசிச்சுட்டுக் கூப்பிடறேன்” என்று சொல்லி ஜீவன் வைத்தான்.

அவன் கூப்பிடவில்லை. அந்த வாரமும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. யுகேந்திரன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். பொட்டலம் வரவில்லை என்று பினாங்கிலிருந்து ஓர் அம்மா அவனைத் திட்டத் தொடங்கினாள். அவள் திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டு, அவளுடைய முகவரியை எழுதிக்கொண்டான்.