வாலண்டைனின் பூசிங் சீட்டு

சிங்கப்பூர் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே வாலண்டைன் ஒரு பழைய வேன் வாங்கினார். இத்தனை வருடமாக மலேசியப் பக்கம் மாசாயிலிருந்து பாலம் கடந்து வேலைக்குப் போய் வந்தவர். பயணம் என்றால் வரிசை என்றே வாழ்ந்தவர். இனிமேல் தம் இஷ்டத்துக்கு ஊர் சுற்றப் போவதாகவும், வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வரும் என்றும் அறிவித்தார். அந்த வேன் அதற்குமுன் சந்தைக்கு முட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால், பழைய தொழிலை அது இன்னும் மறக்கவில்லை என்பது மூக்குக்குத் தெரியும்.

வீடாக மாறப்போகும் வண்டிக்கு முதலில் என்ன வேண்டும்? படுக்கை என்று சொல்பவர்கள் யூடியூப் பார்க்காதவர்கள். வாலண்டைன் பார்த்திருந்தார். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஏரிக்கரையில் வேனை நிறுத்தி, முன் சீட்டுகளை அப்படியே பின்பக்கம் திருப்பி, காலை நீட்டிக் காப்பி குடித்தார்கள்.

"பாரு பியாட்ரிஸ். டிரைவர் சீட்டே சோபா ஆயிடுது."

கிளினிக்கில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்த மனைவி பியாட்ரிஸ் திரும்பியும் பார்க்கவில்லை. "நம்ம வீட்ல சோபா சோபாவாவே இருக்கு. வந்து உக்காருங்க."

தொலைநோக்கு இல்லாதவர்களோடு வாலண்டைன் வாதம் செய்வதில்லை. இரண்டு சுழல் தட்டுகளை ஆன்லைனில் வரவழைத்தார். சீட்டுக்கும் அதன் காலுக்கும் நடுவில் வைத்து முடுக்கும் இரும்புத் தட்டு அது. கொக்கியை விட்டால் சீட்டு சுற்றும், மாட்டினால் நிற்கும். நிற்க வேண்டும் என்பதுதான் செய்தவர்களின் எண்ணம்.

தம்போயில் பட்டறை வைத்திருந்த காளிதாஸிடம் வேனைக் கொண்டுபோனார். காளிதாஸ் இப்படி ஒரு பொருளை வாழ்நாளில் கண்டதில்லை. அதனால் அவருக்குச் சந்தேகமும் வரவில்லை.

"பூசிங் சீட்டா, சுத்துற சீட்டு? போலே லா, செஞ்சிடலாம் அண்ணே. சாயங்காலம் வாங்க," என்றவர், பெட்டியோடு வந்த விளக்கத் தாளில் கையைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

சாயங்காலம் பார்த்தால், டிரைவர் சீட்டு மட்டும் சரியாகத் திரும்பவில்லை. அந்தத் தட்டு இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நாடுகளுக்காகச் செய்யப்பட்டது. திருப்பினால் சீட்டு உள்ளே வராமல் கதவில் போய் முட்டியது. கதவைத் திறந்துவிட்டால் சுற்றியது. ஆனால் ரோட்டைப் பார்த்துக் காப்பி குடிக்க வேண்டியிருக்கும்.

"கழட்டிடலாமா?" என்று வாலண்டைன் கேட்டார்.

"கழட்டினா ஓட்டைங்க தெரியும்ணே. அசிங்கமா இருக்கும்."

அழகை முன்னிட்டு அது அப்படியே இருந்தது. சீட்டு திரும்பாவிட்டாலும் உயர்ந்துவிட்டது. வாலண்டைன் நெட்டையான மனிதர். தலை கூரையில் இடித்ததால் கழுத்தைச் சாய்த்தே வேன் ஓட்டினார், பக்கத்தில் யாரோ ரகசியம் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே போகிறவர் மாதிரி.

பக்கத்து சீட்டோ பிரமாதமாகச் சுற்றியது. ஒரு விரல் போதும். ஒரு விரல் போதும் என்பது கொஞ்சம் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று பட்டறையில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகள் மெலிசாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மெலிசா சிங்கப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் போகும் அதே பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்த பிராண்டனை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதுதான் பாக்கி. பிராண்டனின் பெற்றோர் ரெங்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

"வீட்ல என்ன பேச்சு?" என்றார் வாலண்டைன். "எல்லாரையும் வேன்ல டெசாரு கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன். சீட்ட திருப்பிப் போட்டு, கடல பார்த்துக்கிட்டு பேசலாம்."

"சம்பந்தம் பேச வர்றவங்கள முட்டை வேன்லயா ஏத்துவீங்க?"

"இப்படி ஒரு வரவேற்ப அவங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க."

இது ஒன்றுதான் அவர் சொன்னபடியே நடந்தது.

பிராண்டனின் அப்பா மரியதாஸ் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வரிசையாக நிற்பவர்களைப் பார்த்துப் பேசியே தலை நரைத்தவர். பதில் சொல்லும் வழக்கம் அந்த வரிசைகளுக்குக் கிடையாது. அவருடைய மனைவி ரெஜினா மெதுவாகச் சிரிப்பார், அதைவிட மெதுவாகப் பேசுவார். பிராண்டனுக்கு அன்றைக்கு வேலை. வர முடியவில்லை.

தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லாரும் வேனருகே வந்ததும், "நீங்க முன்னுக்கு உக்காருங்க ரெஜினா, வண்டியில தலை சுத்தும்னீங்களே," என்றார் பியாட்ரிஸ்.

"ஆம்பளைங்கதான் முன்னுக்கு," என்று மரியதாஸ் ஏறி உட்கார்ந்தார். பெண்கள் மூவரும் பின்னாலிருந்த ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மிச்ச இடத்தை, இன்னும் கதவு போடாத ஒரு அலமாரி பிடித்துக்கொண்டது.

இயற்கை அழகு இருக்கிறது என்று வாலண்டைன் கோத்தா திங்கி பழைய ரோட்டைப் பிடித்தார். செம்பனை மரங்கள் வந்தன. அதன் பிறகு செம்பனை மரங்கள் வந்தன.

மரியதாஸ் தொண்டையைச் செருமி, முன் கண்ணாடியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். "நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். கல்யாணத்துக்கு அப்புறம் மெலிசா சிங்கப்பூர் வேலைய விட்டுடணும். ரெங்கத்துல நம்ம வீட்டோட இருக்கட்டும். பிராண்டனும் அதத்தான் விரும்புறான்."

"கரெக்ட் லா, சம்பந்தி," என்றார் வாலண்டைன். அவருடைய கவனமெல்லாம் முன்னால் வந்த ரவுண்டபவுட்டில் இருந்தது. கழுத்துச் சாய்வில் வலப்பக்கம் சரியாகத் தெரியாது.

பின்னால் மெலிசா நிமிர்ந்தாள். "என்னாது?" என்றாள். இன்ஜின் சத்தத்தில் அது முன்னால் போய்ச் சேரவில்லை. அல்லது, சேர்ந்தும் மரியதாஸ் கண்ணாடியையே பார்த்தார்.

வேன் வட்டத்தைச் சுற்றி இடப்பக்கம் வெளியேறியது. 'டக்' என்று ஒரு சத்தம். கொக்கி விட்டுப்போக, சீட்டு மரியதாஸோடு சேர்ந்து அப்படியே சுற்றிப் பின்பக்கம் திரும்பி நின்றது. பெல்ட் அவரை மூட்டை மாதிரி வரிந்து கட்டியது. எதிரே, கை எட்டும் தூரத்தில், மூன்று பெண்கள்.

"அலமாக்!" என்றார் முன்னாள் தலைமையாசிரியர்.

வாலண்டைன் வேனை ஓரங்கட்டினார். பெல்ட்டை விடுவித்தார்கள். சீட்டைத் தள்ளினார்கள், இழுத்தார்கள். ஒரு விரலுக்கே சுற்றிய சீட்டு, இப்போது நாலு பேர் தள்ளியும் அசையவில்லை. வாலண்டைன் காளிதாஸுக்குப் போன் செய்தார்.

"திரும்புதுல்ல?" என்று காளிதாஸ் பெருமையாகக் கேட்டார். "ஆணி போட்டா நிக்கும்ணே. திங்கக்கிழமை வாங்க."

"நீங்க பின்னுக்கு வாங்க, நான் அங்க உக்கார்றேன்," என்றார் ரெஜினா.

மரியதாஸ் யோசித்தார். பெண்களோடு பெஞ்சில் நெருங்கி உட்காருவதா? பின்பக்கம் பார்த்தாலும் முன் சீட்டு முன் சீட்டுதான். "நான் இங்கயே இருக்கேன்," என்றார்.

"பெல்ட் மாட்ட முடியலயே," என்றார் பியாட்ரிஸ்.

"மெதுவா போறேன் லா," என்றார் வாலண்டைன். மெதுவாகத்தான் போனார். லாரிகள்கூட ஹாரன் அடித்து முந்தின.

மரியதாஸ் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு அலமாரியைப் பார்த்தார். மெலிசா காத்திருந்தாள்.

"அங்கிள், நான் வேலைய விடணும்னு பிராண்டன் எப்ப சொன்னாரு?"

"அது... அவன் மனசுல இருக்கு."

"நேத்து கூட பேசினேன். மாசாய்ல வாடகைக்கு வீடு பார்த்திருக்காரு. ரெண்டு பேருக்கும் பஸ்ஸுக்குப் பக்கம்னு."

கண்ணாடியிடம் சொல்வது சுலபம். கண்ணாடி புருவத்தை உயர்த்தாது. மரியதாஸ் உதவிக்கு மனைவியைப் பார்த்தார். அங்கேதான் தப்புச் செய்தார்.

"அவன் அப்படி எதுவும் சொல்லல," என்றார் ரெஜினா, வழக்கம்போல மெதுவாக. "இவருதான் சொல்றாரு."

"ரெஜினா!"

"என்னையும் இப்படித்தான். எஸ்டேட் ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற வேலை. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. என் அப்பாகிட்ட, 'ரெஜினாவே விட்டுடுறேன்னு சொல்லிட்டா'ன்னு சொன்னீங்க. நான் சொல்லவே இல்ல."

மரியதாஸின் முகம் மாறியது. அது வெட்கம் என்று பியாட்ரிஸ் நினைத்தார். பாதி வெட்கம்தான். செம்பனை மரங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து எதிரே ஓடி மறைவதை இவ்வளவு நேரம் பார்த்ததில் அவருக்கு வயிறு புரட்டியது.

"பிளாஸ்டிக் பை இருக்கா?" என்றார்.

பியாட்ரிஸ் நர்ஸ். பை வந்தது. மெலிசா தைலம் எடுத்து அவர் நெற்றியில் தேய்த்தாள். ரெஜினா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு அதிகாரம் செய்வது யாருக்குமே கஷ்டம்.

"வேலைக்குப் போகட்டும்," என்றார் மரியதாஸ் கண்ணை மூடியபடி. "மாசாய்லயே இருக்கட்டும். வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க."

பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தியதும், "எல்லாம் பேசி முடிச்சாச்சு," என்று பியாட்ரிஸ் கணவரிடம் சொன்னார்.

"எப்ப?" என்றார் வாலண்டைன். கூரையில் உரசி அவர் காது சிவந்திருந்தது.

டெசாருவில் யாரும் வேனுக்குள் உட்கார்ந்து காப்பி குடிக்கவில்லை. சவுக்கு மர நிழலில் பாயை விரித்தார்கள். முகத்துக்கு நிறம் திரும்பியதும் மரியதாஸுக்குப் பழைய குரலும் திரும்பியது. "வண்டியில சொன்னது, உடம்பு முடியாதப்ப சொன்னது..." என்று தொடங்கினார்.

"சொன்னது சொன்னதுதான்," என்றார் ரெஜினா. இந்த முறை அவ்வளவு மெதுவாக இல்லை. பக்கத்துப் பாய்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மரியதாஸ் பாயில் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெலிசாவிடம், இரத்தத்தில் சர்க்கரையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். நடுவில் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார். ரெஜினா அதைப் பார்த்துக்கொண்டே பொரித்த மீனை எல்லாருக்கும் பிய்த்து வைத்தார்.

திரும்பி வரும்போது மரியதாஸ் யாரும் சொல்லாமலே பெஞ்சில் மனைவிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். முன் சீட்டு காலியாக அவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தது.

அடுத்த மாதமே கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசித்தார்கள். தம் மகளின் சம்பந்தம் வேனிலேயே, ஓடும் வேனிலேயே முடிந்தது என்றும், எல்லாம் முகத்தைப் பார்த்து உட்கார வைத்த ஏற்பாட்டின் மகிமை என்றும் வாலண்டைன் மாசாய் முழுக்கச் சொன்னார். என்ன முடிந்தது, யார் முடித்தார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றினார்.

கல்யாணத்தன்று வேனைக் கழுவி, ரிப்பன் கட்டி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பொண்ணு இதுலதான் கோயிலுக்கு," என்றார்.

மெலிசா வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வேனைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

பிறகு கிராப் டாக்சியில் ஏறிக் கோயிலுக்குப் போனாள்.