காலி வண்டிக்குள் புகை

வெர்னாவின் மூக்கைப் பற்றி அந்தத் துறைமுக ஊரில் ஒரு பேச்சு உண்டு. கடலில் மூன்று மைல் தள்ளி ஒரு படகில் ரொட்டி கருகினால், இவள் தன் சமையலறையில் நின்றபடியே அது யார் படகு என்று சொல்லிவிடுவாளாம். அப்பேர்ப்பட்ட மூக்கு இப்போது ஆல்பனின் பிக்கப் வண்டிக்குள் நுழைந்து இருக்கை இருக்கையாகத் துழாவிக்கொண்டிருந்தது.

"புடிச்சிருக்க."

"இல்ல."

"நம்ம பொண்ண வண்டியில வச்சுக்கிட்டே சிகரெட் புடிச்சிருக்க."

"விட்டுப் பதினாலு மாசம் ஆச்சு வெர்னா. சத்தியமா."

"போன தடவ சத்தியம் பண்ணப்போ உன் காதுல ஒண்ணு சொருகியிருந்துச்சு. மறந்துட்டியா?"

ஆல்பன் மறக்கவில்லை. அந்தச் சத்தியத்துக்குப் பிறகு நாலே மாதத்தில் இருவரும் பிரிந்தார்கள். ஒன்பது வயது மகள் ஜோசெட் தாயோடு இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் அவளை ஹாக்கிப் பயிற்சிக்கு ஐஸ் அரங்கத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிடுவது ஒன்றுதான் ஆல்பனின் பங்கு. போக அரைமணி, வர அரைமணி. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் அவர் பல் விளக்கினார் என்றாலும் தப்பில்லை.

கனடாவின் அந்த நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் சட்டம் கறார். பத்தொன்பது வயது நிரம்பாத ஒருவர் வண்டிக்குள் இருந்தால் புகைக்கக் கூடாது. தாடி வைத்த, ஆறடி உயரமுள்ள பதினெட்டு வயசுக்காரனும் அங்கே குழந்தைதான். அந்தச் சட்டம் வேண்டும் என்று அந்தக் காலத்தில் பனிப்புயலில் வீடுவீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியவள் வெர்னா.

"அடுத்த சனிக்கிழமையும் இந்த நாத்தம் வந்துச்சுன்னா, அவள நானே கூட்டிட்டுப் போய்க்கிறேன். அதுக்கப்புறம் எப்பவுமே நான்தான்" என்று கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

விஷயம் என்னவென்றால், ஆல்பன் நிஜமாகவே விட்டுவிட்டார். பதினாலு மாதமாக அவர் மென்று தீர்த்த புதினா மிட்டாயை வரிசையாக அடுக்கினால் ஊரைச் சுற்றி ஒரு வேலி போடலாம். ஆனால் வண்டி நாறியது. போதாக்குறைக்கு, காப்பிக் கோப்பை வைக்கும் குழியில் சாம்பல் கிடந்தது.

யார்?

பயிற்சியாளரைச் சந்தேகப்பட்டார். அந்த ஆள் தும்மினாலே நுரையீரல் வெளியே வந்துவிடும், சிகரெட் தாங்காது. அரங்கத்துச் சிற்றுண்டிக் கடை தெரேசாவைச் சந்தேகப்பட்டார். அவள் பயிற்சி நேரம் முழுக்க உருளைக்கிழங்கு வறுப்பதை நூறு பேர் பார்க்கிறார்கள். பிறகு ராத்தூக்கம் கெட்டு, வெர்னாவையே சந்தேகப்பட்டார். பழி போட அவளே சாம்பலைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து தூவினாளோ? ஒருகணம் மகளையும் நினைத்துவிட்டு, தன் கன்னத்தில் தானே ஒன்று போட்டுக்கொண்டார்.

யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்பதுதான் சிக்கல். அந்த ஊரில் வண்டியைப் பூட்டுகிற வழக்கம் கிடையாது. சாவி வண்டியிலேயே தொங்கும். ஒருவன் பூட்டினான் என்றால், "எங்க மேல என்ன கோவம்?" என்று மறுநாள் வீட்டுக்கே வந்து கேட்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை, குளிர் பூஜ்யத்துக்குப் பதினெட்டு டிகிரி கீழே. வாயிலிருந்து வந்த வார்த்தை தரையில் விழுந்து உடைகிற குளிர். ஜோசெட்டை உள்ளே அனுப்பிவிட்டு, ஆல்பன் வண்டியின் பின்னிருக்கையில் படுத்து, கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்.

பத்து நிமிடம் ஆனது. அவர் மீசை விறைத்தது. இருபதாவது நிமிடம் முன்கதவு திறந்தது. யாரோ ஒருவன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சாவியைத் திருகிச் சூடுகாற்றைப் போட்டான். தீக்குச்சி உரசியது.

ஆல்பன் கம்பளியோடு எழுந்தார்.

"புடிச்சேன்டா!"

முன்னால் இருந்தவன் கூரையில் தலை இடிக்கத் துள்ளினான். ஊர் கான்ஸ்டபிள் ஹியூயி.

"ஐயோ அண்ணே! நெஞ்சே நின்னுபோச்சு!"

"என் வண்டியில என்னடா பண்ற? சட்டத்தைக் காக்கிறவனே இப்படி..."

"சட்டத்தைக் காக்கத்தானேண்ணே இங்க வந்தேன்! அங்க பாருங்க." பக்கத்தில் இன்ஜினும் சூடுகாற்றும் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குள் அவனுடைய இரட்டைக் குழந்தைகள் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தன. "பிள்ளைங்க இருக்கிற வண்டியில புடிக்கக் கூடாது. வெளிய நின்னா விரல் விழுந்துடும். உங்க வண்டி காலி. இங்கிருந்தே அதுங்கள ஒரு கண்ணு பாத்துக்கலாம். சட்டத்துல எங்கண்ணே தப்பு?"

"ஏன்டா, எத்தன வண்டி நிக்குது, என் வண்டிதானா கிடைச்சுது?"

"உங்களது ஏற்கெனவே நாறுற வண்டி. கூட ஒண்ணு ரெண்டு தெரியாதுன்னு..."

"அந்த ஒண்ணு ரெண்டுல என் பொண்ணே என் கைய விட்டுப் போகப்போகுதுடா! வா, வந்து வெர்னாகிட்டச் சொல்லு."

"ஐயய்யோ, என் பொண்டாட்டிகிட்ட விட்டுட்டேன்னு சொல்லியிருக்கேன். வெர்னாக்கா காதுல விழுந்தா சாயங்காலத்துக்குள்ள தலைநகரம் ஹாலிஃபாக்ஸ் வரைக்கும் தெரிஞ்சிடும்" என்று சொல்லி, கலக்கத்தில் ஹியூயி கடைசியாக ஒரு இழுப்பு ஆழமாக இழுத்தான்.

அந்த நொடியில் முன்கதவு திறந்தது. வெர்னா! இந்த மனுஷன் என்ன செய்கிறான் என்று துப்பறிய அவளும் கிளம்பி வந்திருந்தாள். உள்ளிருந்து புகை மேகமாக வெளியேறியது. பின்னிருக்கையில் கம்பளி போர்த்திய ஆல்பன் திருதிருவென்று விழித்தார்.

"நெனச்சேன்" என்றாள் வெர்னா. கத்தவில்லை. "கான்ஸ்டபிளே கையும் களவுமாப் புடிச்சுட்டான். முடிஞ்சுது ஆல்பன். இனி நீ வர வேண்டாம்."

"நான் இல்ல வெர்னா! ஹியூயி, சொல்லுடா!"

ஹியூயி சிகரெட்டைக் கையுறைக்குள் திணித்திருந்தான். வாய் நிறையப் புகை. இரண்டு கன்னமும் குழல் ஊதுகிறவன் கன்னம்போல் புடைத்திருக்க, தலையை மட்டும் பொதுவாக ஆட்டினான்.

"என்னப்பா, அவன்தானே புடிச்சான்?"

ஆட்டினான். ஆமா என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம்.

வெர்னா கண்ணைச் சுருக்கினாள். அவன் முகத்தருகே குனிந்து அப்படியே நின்றாள். அசையவில்லை. ஹியூயியின் முகம் சிவந்து, ஊதாவாகி, வேகவைத்த பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. முதலில் இடது மூக்கிலிருந்து ஒரு நூல் புறப்பட்டது. பிறகு வலது மூக்கு. அதன்பின் அணை உடைந்தது. அவன் இருமிய இருமலில் பக்கத்து வண்டியில் இரட்டையர் இருவரும் விழித்து அழுதார்கள். கையுறையும் தீய்ந்து நாறியது.

"அக்கா... காலி வண்டின்னு..." என்று தொடங்கினான் ஹியூயி.

"பேசாதே" என்றாள் வெர்னா. பின்னிருக்கைப் பக்கம் திரும்பினாள். "கையை நீட்டு."

ஆல்பன் நீட்டினார். வலது கையை முகர்ந்தாள். இடது கையை முகர்ந்தாள். பிரிந்த பிறகு முதல்தடவையாக அவர் மீசை வரை வந்து முகர்ந்தாள். புதினா. அதற்கடியில் நேற்றைய பட்டாணி சூப்பு. வேறொன்றும் இல்லை. இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள், நம்பிக்கை இல்லாமல்.

அதற்குள் பயிற்சி முடிந்து, தன்னைவிடப் பெரிய பையை இழுத்துக்கொண்டு ஜோசெட் வந்துவிட்டாள். கதவருகில் நின்று மூக்கை உறிஞ்சினாள். தாயின் மூக்கு அப்படியே இறங்கியிருந்தது. அவள் முகம் சுருங்கியது.

"அப்பா... நீயா?"

ஆல்பன் வெர்னாவைப் பார்த்தார்.

"உங்கப்பா இல்லடி" என்றாள் வெர்னா. "ஜன்னலை எல்லாம் இறக்கிவிட்டுட்டு அவரோடயே வா. குளிரும், கம்பளியைப் போர்த்திக்கோ."