பாலிஷ்காரனுக்கு வலி வந்த வரலாறு

பாலிஷ்காரன் எதைத் தொட்டாலும் அது அவனுடைய அக்காவின் கையில்தான் தெரியும். அவனுடைய முப்பத்திரண்டாவது வயதில், ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு இது உறுதியானது. பட்டறையில் வேலையாக இருந்தவன், ஓடிச் சூடேறியிருந்த மிஷினின் இரும்புத் தலையில் கட்டைவிரலை வைத்துவிட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலு தெரு தள்ளி, குடிநீர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். மதியம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது கொப்புளம் அவள் விரலில் இருந்தது. அவன் விரலில் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையின் வெள்ளைப் பிசுக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. எட்டு வருடமாகக் கார்களுக்குப் பாலிஷ் போடும் மிஷினைப் பிடித்துப் பிடித்து அவன் கை மரத்துப் போயிருந்தது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். முதலில் விரல் நுனி, பிறகு விரல்கள், பிறகு மணிக்கட்டு வரை. அந்த உணர்ச்சியெல்லாம் எங்கே போயிற்று என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அலுவலகத்தில் அக்காவின் தட்டச்சில் பிழைகள் பெருகின. அதுவும் தம்பி மிஷின் ஓட்டும் நேரங்களில் மட்டும். மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினார். மூன்றாவது முறை கூப்பிடுவதற்குள் அவளே வேலையை விட்டுவிட்டு வந்தாள். "எப்படியும் எனக்குத்தான் வரப்போகுது. பக்கத்துல இருந்தே வாங்கிக்கறேன்" என்று சொல்லி, பட்டறையின் முன்னறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதிலிருந்து பட்டறைக்கு நல்ல காலம். காரின் பெயிண்டில் கெட்டியானது உண்டு, மெத்தென்றது உண்டு. கெட்டி பெயிண்டில் கீறலை எடுக்க முதுகு ஒடியும், ஆனால் எடுத்தது எடுத்ததுதான். மெத்தென்ற பெயிண்டில் கீறல் சட்டென்று போய்விடும். போன கையோடு, பாலிஷைத் துடைக்கிற துணியே புதுக் கீறலைப் போட்டுவிடும். அதைத் துடைத்தால் இன்னொன்று. பொறுமை இல்லாதவன் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தே கிழவனாகிவிடுவான். அதனால் துணி வைப்பதற்கு முன் பெயிண்டில் ஒரு தூசு தும்பு மிச்சமில்லை என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். கையில் மெல்லிய பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தடவினால், கண்ணுக்குத் தெரியாத மணல்கூட நறநறவென்று தெரியும். மற்ற பட்டறைகளில் தடவுகிறவனுக்கே தெரியும். இங்கே தம்பி உள்ளே தடவுவான், சுவருக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டே அக்கா சொல்லுவாள்: "கைப்பிடிக்குக் கீழ இன்னும் இருக்கு. இல்ல, இன்னும் கீழ. அதான்." வாடிக்கையாளர்கள் ஆரம்பத்தில் எங்கேயோ கேமரா இருக்கிறது என்று நினைத்தார்கள். பிறகு கேமராவைத் தேடுவதை விட்டுவிட்டு, மெத்தென்ற கார்களை எல்லாம் இங்கேயே கொண்டுவந்து விட்டார்கள்.

மரத்துப்போனது மணிக்கட்டோடு நிற்கவில்லை. முழங்கை, தோள் என்று ஏறி, எந்த நாளில் என்று சொல்ல முடியாதபடி நெஞ்சுக்குள் இறங்கியது. அவனுக்குப் பெரிதாகக் கோபம் வராது, சந்தோஷமும் வராது. வேளைக்குச் சாப்பிட்டான், படுத்தால் தூங்கினான். அவனுக்கு முப்பத்தைந்து வயதில் அம்மா இறந்துபோனாள். தகவல் கேட்டு பட்டறையிலிருந்து வந்தவன் அம்மாவின் நெற்றியில் கையை வைத்தான். மேஜையைத் தொட்டதுபோல இருந்தது. பக்கத்து அறையில் பெட்ஷீட் எடுத்துக்கொண்டிருந்த அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஏற்கெனவே தன் கையால் அந்த நெற்றியைத் தொட்டிருந்தாள், அப்போதே அழுதிருந்தாள். இப்போது இரண்டாவது முறை, அவனுக்காக அழுதாள். மகன் கல்லுளிமங்கனாட்டம் நிற்கிறான் என்று சித்தி ஒருத்தி காதுபடச் சொன்னாள். அவன் அதைக் கேட்டான். அது உண்மைதான் என்று நினைத்தான், சாப்பிடப் போனான். அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்தது, ஆனால் அவள் வெளிக்காட்டவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து உணர்ச்சிப்படுகிறவளுக்கு வருத்தப்பட எங்கே நேரம்.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருடம் போயிற்று. அவனுக்கு நாற்பத்தேழு வயதான வருடம், ஒரு கறுப்புக் கார் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர் ஓட்டிக்கொண்டு வந்தார். மனைவியை இழந்தவர், வயது ஐம்பத்தைந்து, எதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுப் பேசுகிற மனிதர். பாலிஷ்காரன் அவ்வளவு மெத்தென்ற பெயிண்டை அதுவரை பார்த்ததில்லை. காக்கை பறந்தால் அதன் நிழல் பட்ட இடத்தில் கோடு விழும். பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசினால் பானெட் மங்கிவிடும். ஆனால் விளக்கடியில் அவன் பார்த்தது காக்கைக் கோடு அல்ல. கார் முழுக்க, சின்னச் சின்ன வட்டமாக, ஆயிரக்கணக்கான கீறல்கள். பையை மாட்டித் தடவினான். முன்னறையில் அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து வந்து கடைக்காரரிடம் நேராகவே கேட்டாள்: "தினமும் நீங்களா துடைக்கறீங்க?" ஆமாம் என்றார். "கண்ணாடி துடைக்கிற மாதிரி, வட்டம் வட்டமா?" அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். முப்பது வருடமாக மூக்குக்கண்ணாடி துடைத்த கை. வேறு விதமாகத் துடைக்க அதற்குத் தெரியாது. தொழில் பழக்கம், காரையும் பெரிய கண்ணாடிச் சில்லாக நினைத்து, பட்டுத்துணியும் கையுமாக ஒவ்வொரு காலையும் நாசம் செய்திருக்கிறார். நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும் என்று அக்கா சொல்லிக் கொடுத்தாள். அவர் தலையாட்டினார். அடுத்த மாதம் அதே வட்டங்களோடு திரும்பி வந்தார். அதற்கு அடுத்த மாதமும். ஐந்தாவது மாதம் கீறல்களே இல்லாமல் வந்தார், அப்போதுதான் அவர் காருக்காக வரவில்லை என்பது பாலிஷ்காரனுக்கே புரிந்தது.

கடைக்காரர் அவனிடம்தான் முதலில் பேசினார். "உங்க அக்காவக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு நெனைக்கறேன், மச்சான்" என்று ஆரம்பித்து, மச்சான் என்பது முந்திரிக்கொட்டைத்தனம் என்று உணர்ந்து, "மாஸ்டர்" என்று திருத்திக்கொண்டார். "என்னைக் கேட்டா? அவளத்தான் கேக்கணும்" என்றான் அவன். அவளையும் கேட்டார். அக்காவுக்கு அப்போது ஐம்பது முடிந்திருந்தது. அன்று மாலை அவள் தம்பியிடம் வந்து, மடித்த துணிகளையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "என் கையப் பிடிச்சாருடா. எனக்கு அவர் கை தெரியல. உன் மிஷின்தான் தெரிஞ்சுது. ஐம்பது வயசுல ஒருத்தர் கையப் பிடிக்கிறாரு, எனக்குக் காம்பவுண்ட் பிசுபிசுப்பு." அழுதிருந்தால் தேவலாம். வெயில் அதிகம் என்று சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு தோழி வீட்டுக்கு என்று ரயிலில் ஆறு மணி நேரம் போய், அங்கே பத்து நாள் இருந்து பார்த்தாள். தூரத்துக்கு அது கட்டுப்படவில்லை. அவன் இங்கே தொட்டதெல்லாம் அங்கேயும் வந்தது.

அந்தப் பத்து நாளில்தான் மிஷினின் மோட்டார் எரிந்தது. பழுதுபார்க்கக் கொடுத்திருந்த நான்காவது நாள், கை கழுவிக்கொண்டிருந்த பாலிஷ்காரனுக்குச் சுண்டுவிரலில் சுருக்கென்றது. பார்த்தான், ஒன்றும் இல்லை. போன வாரம் ஓர் எறும்பு கடித்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தது நினைவுக்கு வந்தது. அதே விரல், அதே இடம். அக்காவுக்குப் போன் செய்து கேட்டான். சுண்டுவிரல் கொஞ்சம் லேசான மாதிரி இருக்கிறது என்றாள். மிஷினை விட்டால் எல்லாம் திரும்பி வரும் என்று அவனுக்கு அப்போதே விளங்கிவிட்டது. எல்லாம் என்றால் எல்லாம். கடைசியாகப் போனது முதலில் வரும், அடுக்கிய தட்டுகளை எடுக்கிற மாதிரி. அடியில் எங்கோ அம்மாவின் நெற்றி இருந்தது. பாலிஷ்காரன் மிஷின் வந்ததும் பழையபடி ஓட்டினான். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டினான். அக்காவிடம் மூச்சு விடவில்லை. தான் செய்வது கேவலம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததே தவிர உறைக்கவில்லை, உறைப்பதும் அவளிடம்தானே இருந்தது. ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் முன்னறையில் அவள் கடைக்காரரிடம் பேசியது சுவர் வழியாகக் கேட்டது. "சரிப்பட்டு வராதுங்க. நீங்க நல்லவரு. பாவம், காத்திருக்காதீங்க." அவர் வெளியே வந்து, மெத்தென்ற பெயிண்டுக்கு வலிக்காதபடி கார்க் கதவை மெதுவாகச் சாத்தினார். பாலிஷ்காரன் போய் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினான். "காரை விட்டுட்டுப் போங்க. நாப்பது நாளாகும்" என்றான். உள்ளே வந்து மிஷினின் வயரைப் பிடுங்கி, சுருட்டி, அலமாரியின் மேல் தட்டில் போட்டான். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஐந்து மாதம் மறைத்ததையும் சொன்னான். அவள் அவனைத் திட்டவில்லை. "காபி போடட்டுமா?" என்று கேட்டாள்.

அந்தக் காரை அவன் வெறும் கையால் செய்தான். ஒரு நாளைக்கு ஒரு முழச் சதுரம். காம்பவுண்டைத் துளி எடுத்து, துணியில் தடவி, நேர்க்கோட்டில் போய், நேர்க்கோட்டில் திரும்பி. நான்காவது நாளிலிருந்து வரத் தொடங்கியது. கதவில் இடித்துக்கொண்ட முட்டி, கொதிநீர், பிளேடு வெட்டு, விரலில் விழுந்த ஸ்பேனர். இன்ன வருடத்தது என்று அக்கா முன்னறையிலிருந்து சொல்லுவாள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்று வரும்போதும் அவன் துணியை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுப் பார்சல் வாங்குகிறவனைப்போல வாங்கிக்கொண்டு, மறுபடி எழுந்தான். அக்காவிடம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. ஒரு நாள் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, அது இவ்வளவு கனமா என்று ஆச்சரியப்பட்டாள். முப்பத்தொன்றாவது நாள் அவன் வலது பின்கதவுக்கு வந்திருந்தான். வேலை முடித்துக் கை கழுவும்போது அக்கா வாசலில் வந்து நின்றாள். "நாளைக்கு அம்மா வரும்டா" என்றாள். அவன் தண்ணீரை நிறுத்தினான். "வேணாம்னா மூணு நிமிஷம் மிஷினப் போடு. போயிடும். நான் வெச்சுக்கறேன். இத்தன வருஷம் வெச்சிருக்கேன்." அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அலமாரியின் மேல் தட்டைக்கூட ஒரு முறை பார்த்தான். "அது உன்னோடதும் இருக்குல்ல?" என்று கேட்டான். "என்னோடது தனியா இருக்கு. இது உன்னோடது" என்றாள்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. வலது உள்ளங்கையில் சில்லென்று ஆரம்பித்தது. ஐஸின் குளிர்ச்சி அல்ல அது. மூடிய அறையில் கிடக்கும் பாத்திரத்தின் குளிர்ச்சி, ஆனால் அதற்கு மேலே தோல் இருந்தது, தோலில் இரண்டு சுருக்கம் இருந்தது, ஓரத்தில் முடி இருந்தது. அவன் கையை எடுக்கவில்லை, எடுக்க எதுவும் இல்லை. "அக்கா" என்று கூப்பிட்டான். அவள் ஏற்கெனவே பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இவ்வளவு சில்லுன்னா இருந்துது?"

"ஆமாடா."

"நீ சொல்லவே இல்லையே."

"நீ கேக்கலையே."

அதன் பிறகு அவன் அழுதான். நாற்பத்தெட்டு வயது ஆள், கார்க் கதவில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரம் வரை அழுதான். அக்கா அழவில்லை, அவளிடம் அவளுடைய பங்கு மட்டுமே இருந்தது, அது என்றைக்கோ அழுது தீர்ந்திருந்தது. அவன் நிமிர்ந்தபோது கதவில் அவன் நெற்றி பதிந்திருந்தது, இரண்டு சுருக்கத்தோடு. அவ்வளவு மெத்தென்ற பெயிண்ட் அது. எடுத்துவிடலாம் என்று மீதி எட்டு நாளும் முயன்றான், நாலு பக்கமும் மற்ற இடமெல்லாம் தண்ணீராகப் பளபளத்தது, அது மட்டும் போகவில்லை. நாற்பதாவது நாள் கடைக்காரர் வந்து தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார். "இருக்கட்டும் மச்சான்" என்றார். இந்த முறை திருத்திக்கொள்ளவில்லை.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடிந்ததும் கடைக்காரர் அக்காவின் கையைப் பிடித்தார். அவள் கொஞ்ச நேரம் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "உங்க கை இவ்வளவு சின்னதா?" என்றாள். வெளியே வந்து பெட்டிகளை ஏற்றினார்கள். கடைக்காரர் ஆறு மணி நேரப் பயணத் தூரத்து ஊருக்குக் கடையை மாற்றியிருந்தார். தம்பி கார்க் கதவின் ஓரத்தைப் பிடித்தபடி, போனதும் போன் பண்ணு, வேளைக்குச் சாப்பிடு என்று, வழக்கமாக அவள் அவனுக்குச் சொல்வதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கவனிக்காமல் கதவை இழுத்துச் சாத்தினாள். அவனுடைய மோதிர விரல் நசுங்கியது. பதினாறு வருடப் பழக்கத்தில் இருவருமே அவளுடைய கையைத்தான் பார்த்தார்கள். அது மடியில் சும்மா இருந்தது. அவள் கதவைத் திறந்து, "வலிக்குதாடா?" என்று கேட்டாள்.

"வலிக்குதுக்கா" என்றான் அவன்.

ஒருவேளை தாமதமாக வருமோ என்று அவள் தன் விரலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை. கார் கிளம்பியது. அவன் தெருவோரக் குழாயில் விரலை நீட்டிக்கொண்டு, அது திருப்பத்தில் மறையும் வரை நின்றான். நகம் கறுத்து, ஆறு வாரத்தில் விழுந்தது. ரொம்ப வலித்தது. அக்காவின் நகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அங்கிருந்து தகவல் வந்தது.