வட்டம் வேண்டாம், புள்ளி போதும்

எங்கள் வரைபட அலுவலகத்தில் ஒரு வீட்டைப் புள்ளியாகக் குறித்தால் அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட வேண்டும் என்பது விதி. வீடு அந்த வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அர்த்தம். மேலதிகாரிக்கு வட்டம் என்றாலே ஆகாது. "அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கும்மா, எல்லாத்தையும் மறைச்சுடு," என்பார். நான் தொண்டை கிழியக் கத்தியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாத மழையில் மலை சரிந்து வீடுகளை மூடியது. அவருடைய அண்ணன் வீடும் அதில் ஒன்று. பாதை, மரம் எதுவும் மிஞ்சாததால் அவருக்கே இடம் அடையாளம் தெரியவில்லை. மண் தோண்டும் இயந்திரம் இருந்ததோ ஒன்றே ஒன்று. வட்டமில்லாத எங்கள் புள்ளியில் தோண்டினார்கள். வெறும் சேறுதான் வந்தது. அதை விட்டு, சரிவின் கீழ்ப்பக்கம், மண்ணுக்குள் சத்தம் கேட்பதாக ஒரு பெண் சொன்ன இடத்துக்கு இயந்திரம் போனது.

மேலதிகாரி, அங்கேயே வரைபடங்களோடு நான் உட்கார்ந்திருந்த கூடாரத்துக்கு ஓடி வந்தார். "அந்த வட்டத்தைக் காட்டும்மா."

காட்டினேன். பாதிச் சரிவு அதற்குள் இருந்தது.

"இதுல எங்கேன்னு தோண்டுறது? வட்டம் வேணாம். நீயே பார்த்து ஒரு புள்ளி வெச்சுக் குடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

பெரிய மனுஷன் அழுதால் பார்க்கச் சகிக்காது. குத்துமதிப்பாக ஒரு புள்ளி வைத்து அச்சடித்துக் கொடுத்தேன்.

இயந்திரம் மேலே திரும்பியது. அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றாள். "அண்ணே, போகாதீங்க. என் புள்ள முனகுற மாதிரி இருக்கு."

ஓட்டுநர் நல்ல மனிதர்தான். தாளை விரித்துக் காட்டினார். "நீ 'மாதிரி'ன்னுதானேம்மா சொல்றே? இங்கே பாரு, படத்துல இங்கேதான்னு போட்டிருக்கு."